மார்ட்டின் லூதர் கிங்குக்கு இரங்கலுரை சொன்ன ஆசிரியர்: யார் இந்த பெஞ்சமின் மேஸ்?

கேரளப் பள்ளி ஒன்றில் மார்ட்டின் லூதர் கிங்கை, ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர்’ என்று அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய கதையை நீங்கள் எங்கேயாவது படித்திருப்பீர்கள். 1959-ல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் தனக்கு நடந்ததாக 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்ன சம்பவம் அது. இசபெல் வில்கர்சனின் ‘காஸ்ட்’ புத்தகம் 2020-ல் வெளியானபோது இந்தச் சம்பவம் மறுபடியும் ஒரு சுற்று வந்தது.

ஆனால், கிங்குக்கு 22 வருஷம் முன்னாடியே, கிட்டத்தட்ட இதே அனுபவம் இன்னொரு கறுப்பின அமெரிக்கருக்கு நடந்தது. இடம், மைசூர் அருகே ஒரு கிராமப் பள்ளி. வருஷம், 1937. அந்த மனிதர் ஒரு பாப்டிஸ்ட் போதகர். பெயர் பெஞ்சமின் எலைஜா மேஸ். பிற்பாடு அவர் ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். அங்கே 15 வயதில் வந்து சேர்ந்த ஒரு பையன்தான் மார்ட்டின் லூதர் கிங்.

கிங்கைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. அவரை உருவாக்கியவர்களில் முக்கியமான இந்த மனிதரைப் பற்றி அவ்வளவாக இல்லை. இப்போது ‘மென்ட்டார்’ என்ற வார்த்தை எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிறது. ஸ்டார்ட்அப்காரர்கள் முதல் ரியாலிட்டி ஷோ நடுவர்கள் வரை எல்லோருமே மென்ட்டார்கள்தான். அந்த வேலையை 27 வருஷம், ஒரே வளாகத்தில், தினமும் செய்தவர் மேஸ். அதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்கு வயதில் பார்த்தது

1894 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்காவின் தெற்கே தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார் மேஸ். பக்கத்து ஊரின் பெயர் ‘நைன்ட்டி சிக்ஸ்’. ஆமாம், ஊர் பெயரே தொண்ணூற்றாறுதான். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஹெசக்கியா, அம்மா லுவீனியா இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். குத்தகை நிலத்தில் பருத்தி விவசாயம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மேஸின் மனதில் பதிந்த முதல் நினைவே ஒரு கும்பல்தான். 1898 நவம்பரில் அந்தப் பகுதியில் தேர்தலை ஒட்டிக் கலவரம் வெடித்தது. கறுப்பர்கள் ஓட்டுப் போடக் கூடாது என்பதுதான் விஷயம். துப்பாக்கிகளோடு குதிரையில் வந்த வெள்ளையர் கும்பல், நான்கு வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் அப்பாவை வசைபாடியது. தொப்பியைக் கழற்றச் சொன்னது. பலமுறை குனிந்து வணங்கச் சொன்னது. அவரும் செய்தார். வேறென்ன செய்ய முடியும்? அந்தக் கும்பலைத் தன் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை என்று பிற்பாடு எழுதினார் மேஸ். 1971-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதையின் பெயர் ‘பார்ன் டு ரெபெல்’. கலகம் செய்யவே பிறந்தவன்.

அதே ஊர்ச் சபையில் இன்னொரு நினைவும் அவருக்கு உண்டு. ஒன்பது வயதில், ஆலயத்தில் நடந்த குழந்தைகள் தினத்தில், இயேசுவின் மலைப்பிரசங்கத்திலிருந்து ஒரு பகுதியை மனப்பாடமாக ஒப்பித்தார். பெரியவர்கள் எழுந்து நின்று, கைக்குட்டைகளை ஆட்டி ஆரவாரம் செய்தார்கள். இந்தப் பையன் பெரிய ஆளா வருவான் என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. ஒரு சிறுவனிடம் ‘உன்னால் முடியும்’ என்று நாலு பேர் நம்பிச் சொல்வது என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நான்கு மாதப் பள்ளி

கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிக்கூடம் வருஷத்துக்கு நான்கு மாதம்தான். மீதி மாதங்கள் பருத்திக் காட்டில். அப்பாவைப் பொறுத்தவரை ஒருவன் நேர்மையாகச் செய்யக்கூடிய தொழில்கள் இரண்டே இரண்டு: பிரசங்கம், விவசாயம். இரண்டுக்கும் பெரிய படிப்பு தேவையில்லை என்பது அவர் வாதம். பையனுக்கோ படிப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. வயலில் தனியாக முழந்தாளிட்டு, எப்படியாவது படிக்க வை என்று கடவுளிடம் கேட்டிருக்கிறார்.

கடைசியில் அப்பாவை மீறித்தான் படித்தார். ஆரஞ்ச்பர்க்கில் இருந்த மாநிலக் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, ராத்திரி நேரத்தில் கழிப்பறைகளைச் சுத்தம் செய்து பணம் சேர்த்தார். விடுமுறைகளில் புல்மேன் ரயில் பெட்டிகளில் பயணிகளுக்கு எடுபிடி வேலை. 1916-ல் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது அவருக்குக் கிட்டத்தட்ட 22 வயது. நம் ஊரில் அந்த வயதில் டிகிரியே முடித்திருப்போம். வகுப்பில் அவர்தான் முதல்.

அதன்பின் வடக்கே, மெய்ன் மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரி. வெள்ளை மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து போட்டியிட்டுப் பார்க்க வேண்டும் என்ற வெறி. 1920-ல் சிறப்புத் தகுதியோடு பட்டம் வாங்கினார். அடுத்து இறையியல் படிக்க ஒரு கல்லூரியைக் கேட்டார், கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. இடையிலேயே வேலை, போதகர் பணி, ஆய்வு என்று இழுத்து, 1935-ல் முனைவர் பட்டம் வாங்கும்போது வயது நாற்பது.

அந்த இடைக்காலத்தில் ஒரு விஷயம் நடந்தது. 1921-ல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவர் ஜான் ஹோப், அவரைக் கணக்கு சொல்லிக்கொடுக்க அழைத்தார். மோர்ஹவுஸ், கறுப்பின ஆண்களுக்காக 1867-ல் தொடங்கிய கல்லூரி. மேஸ் அங்கே கால்குலஸ் எடுத்தார், விவாதக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார், பக்கத்திலேயே ஒரு சபைக்குப் போதகராகவும் இருந்தார். அன்றைய மாணவர்களில் ஒருவர் ஹோவர்ட் தர்மன். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய ஆன்மிகச் சிந்தனையாளர். 1936-ல் காந்தியை நேரில் சந்தித்த கறுப்பின அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். அதாவது, வாத்தியாருக்கு முன்னாடியே மாணவர் காந்தியைப் பார்த்துவிட்டார்.

வார்தாவில் ஒரு கேள்வி, மைசூரில் ஒரு அடி

1937 ஜனவரியில் ஒய்.எம்.சி.ஏ-வின் உலக மாநாடு மைசூரில் நடந்தது. அப்போது வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பள்ளிக்கு டீனாக இருந்த மேஸ் அதற்காக இந்தியா வந்தார். 1936 முடிந்து 1937 பிறக்கும் அந்தச் சமயத்தில், வார்தா பக்கம் போய் காந்தியைச் சந்தித்தார்.

அகிம்சை பற்றித்தான் பேச்சு. சிறுபான்மையாக இருக்கும் ஒரு மக்கள் கூட்டம் அகிம்சையை எப்படிக் கையில் எடுப்பது, கூட்டமாகப் பயிற்சி எடுக்க முடியுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அத்தோடு விடவில்லை. தீண்டாமையை எதிர்க்கும் நீங்கள், சாதி அமைப்பின் மீதே ஏன் போர் தொடுக்கவில்லை என்றும் கேட்டார். காந்தி தீண்டாமையையும் சாதிப் பிரிவையும் வேறுபடுத்திப் பதில் சொன்னார். கிட்டத்தட்ட அதே மாதங்களில், 1936-ல், அம்பேத்கர் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் காந்தியை நோக்கி எழுப்பிய கேள்வியும் இதே திசையில்தான் இருந்தது. எங்கிருந்தோ கப்பலில் வந்த ஒருத்தர் சரியான இடத்தில் விரல் வைத்தார் என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

மைசூரில் இருந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வந்து, எங்கள் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று அழைத்தார். மேஸ் போனார். அங்கே அவரை எப்படி அறிமுகப்படுத்தினார்கள் தெரியுமா? உயர்ந்த நிலையை எட்டிய ஒரு தீண்டத்தகாதவர் என்று.

முதலில் அவருக்கு அதிர்ச்சி. பிறகு குழப்பம், கோபம். முனைவர் பட்டம் வாங்கியவர், ஒரு பல்கலைக்கழகத்தின் டீன், என்னைப் போய் இப்படிச் சொல்வதா என்று. கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. அந்தத் தலைமையாசிரியர் சொன்னதில் தவறே இல்லை. தன் நாட்டில் எத்தனை ஹோட்டல்களுக்குள், எத்தனை கல்லூரிகளுக்குள், எந்த ரயில் பெட்டிக்குள் தன்னால் நுழைய முடியும் என்று யோசித்துப் பார்த்தால், அவர் தீண்டத்தகாதவர்தான். அதை அமெரிக்காவில் யாரும் அந்தச் சொல்லால் சொன்னதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன என்றால், அந்தத் தலைமையாசிரியர் அவரை அவமானப்படுத்த நினைக்கவில்லை. தன் பிள்ளைகளுக்கு, ‘நம்மைப் போன்ற ஒருத்தர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பாருங்கள்’ என்று காட்ட நினைத்தார். மூன்று வருஷம் கழித்து மேஸுக்கும் அதே வேலைதான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை

1940-ல் மோர்ஹவுஸ் கல்லூரியின் ஆறாவது தலைவராகப் பொறுப்பேற்றார். கல்லூரி பணக் கஷ்டத்தில் இருந்தது. மாணவர்கள் கட்ட வேண்டிய ஃபீஸ் பாக்கி ஏராளம். மேஸ் கறாராக வசூலிக்கத் தொடங்கினார். பையன்கள் அவருக்கு ‘பக் பென்னி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்போது ஓடிய ஜாக் பென்னி படத்தின் பெயரிலிருந்து உருவியது அது. ‘பக்’ என்றால் பேச்சு வழக்கில் டாலர். நம் ஊர் கல்லூரியாக இருந்தால் இதைவிட மோசமாகவே வைத்திருப்பார்கள்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் மாணவர்கள் ராணுவத்துக்குப் போக, வகுப்பறைகள் காலி. போர் முடியும்வரை கல்லூரியை மூடிவிடலாம் என்ற யோசனைகூட எழுந்தது. மேஸ் ஒப்புக்கொள்ளவில்லை. பதினோராம் வகுப்பு முடித்த பையன்களையே நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1944-ல் அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர்தான் 15 வயது கிங். போர் இல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்த வயதில் அங்கே வந்திருக்கவே மாட்டார்.

மோர்ஹவுஸில் மாணவர்கள் எல்லோரும் ‘சாப்பல்’ எனப்படும் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அதில் செவ்வாய்க்கிழமைகளில் தலைவரே பேசுவார். உயரமான, ஒல்லியான, நரைத்த தலைமுடி கொண்ட மனிதர். பேச்சில் கத்தல் கிடையாது. அன்றைய கறுப்பினச் சபைகளில் பிரசங்கம் என்றாலே உணர்ச்சிக் கொந்தளிப்பு. மேஸ் அந்தச் சபைகளையே ஆய்வு செய்தவர். ஜோசப் நிக்கல்சனோடு சேர்ந்து 609 நகரச் சபைகளையும் 185 கிராமச் சபைகளையும் அலசி, 1933-ல் ‘த நீக்ரோஸ் சர்ச்’ என்ற புத்தகம் எழுதினார். போதகர்களுக்குப் படிப்பு போதவில்லை, இந்த உலகத்துப் பிரச்சினைகளைப் பேசாமல் அடுத்த உலகத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற குறையை அதில் போட்டு உடைத்திருந்தார்.

சரி, செவ்வாய்க்கிழமைகளில் அப்படி என்ன பேசினார்? சுருக்கமாகச் சொன்னால் இரண்டு விஷயம். உலகம் உனக்கு அநியாயம் செய்கிறது என்பது உண்மை, ஆனால் அதையே அரைகுறை வேலைக்குச் சாக்காக வைக்காதே. இது ஒன்று. இரண்டாவது, கட்டாயத்துக்காக ஒடுக்குமுறையை அனுபவிப்பது வேறு, காசு கொடுத்து நீயாகவே போய் அனுபவிப்பது வேறு. அட்லாண்டா தியேட்டர்களில் கறுப்பர்கள் பின்வாசல் வழியாக ஏறி மேல் பால்கனியில்தான் உட்கார வேண்டும். அங்கே படம் பார்க்கப் போகாதீர்கள் என்று சொல்லுவார். பஸ்ஸில் பின்னால் உட்கார வேறு வழி இல்லாமல் இருக்கலாம், சினிமா பார்த்தே ஆக வேண்டும் என்று என்ன இருக்கிறது?

இதைக் கேட்டு எத்தனை பேர் படம் பார்ப்பதை விட்டார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. எல்லோரும் விட்டிருக்க மாட்டார்கள். பதினெட்டு வயசுப் பசங்க, பாவம். ஆனால், ‘இதற்குப் பழகிவிடாதே’ என்று வாரம் ஒருமுறை ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் முடிந்ததும் கிங் அவர் பின்னாலேயே ஆபீஸ் வரை போவார். சொன்னதில் எது சரி, எதில் தனக்கு உடன்பாடில்லை என்று வாதம் நடக்கும். அப்பாவும் தாத்தாவும் போதகர்கள் என்பதால் கிங்குக்கு அந்தத் தொழில் மேலேயே ஒரு கூச்சம் இருந்தது. கைதட்டலும் கூச்சலுமான மதம் அறிவுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம். போதகராக இருந்துகொண்டே படித்தவராக, நாட்டு நடப்பு பேசுபவராக இருக்க முடியும் என்பதை மேஸிடமும், மதம் கற்பித்த பேராசிரியர் ஜார்ஜ் கெல்சியிடமும்தான் அவர் பார்த்தார். வக்கீல் ஆகலாமா, டாக்டர் ஆகலாமா என்று அலைபாய்ந்தவர், கடைசியில் போதகர் ஆனார். மேஸைத் தன் ஆன்மிக வழிகாட்டி என்றே பின்னாளில் குறிப்பிட்டார்.

‘பெரிய மூளைக்காரர் இல்லை’

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கிங் கல்லூரியில் சுமாரான மாணவர். உள்ளே வந்தபோது தன் வாசிப்புத் திறன் எட்டாம் வகுப்பு அளவில்தான் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1948-ல் மேற்படிப்புக்காக பென்சில்வேனியாவின் க்ரோஸர் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, மேஸ் பரிந்துரைக் கடிதம் எழுதினார். விண்ணப்பித்த இரண்டு மாணவர்களைப் பற்றிய கடிதம் அது. இவர்கள் அபார மூளைக்காரர்கள் இல்லை என்பது மதிப்பெண்களைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும், ஆனால் நல்ல அறிவு உள்ளவர்கள், உங்களிடம் ‘பி’ கிரேடு வாங்கிவிடுவார்கள் என்ற பொருளில் எழுதினார். அவ்வளவுதான். ‘எதிர்கால உலகத் தலைவர்’ என்ற வகையறா எதுவும் இல்லை.

1951-ல் கிங் க்ரோஸரில் வகுப்பின் முதல் மாணவராக வெளியே வந்தார்.

மென்ட்டார் கதைகளில் பொதுவாக ஒரு சீன் இருக்கும். கூட்டத்தில் ஒருவனைப் பார்த்ததும் ‘இவன்தான்’ என்று குருவுக்குப் பொறி தட்டும். அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லை. மேஸ் வைரத்தைத் தேடிக்கொண்டு இருக்கவில்லை. சாப்பலில் உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினார். பின்னால் வந்தவனோடு வாதம் செய்ய நேரம் கொடுத்தார். 1956-ல் படிப்பை முடித்த மேனார்ட் ஜாக்சன், பின்னர் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் ஆனார். ஜூலியன் பாண்ட், வியட்நாம் போரை எதிர்த்ததற்காக ஜார்ஜியா சட்டமன்றம் இடம் தர மறுத்தும், 1966-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று உள்ளே நுழைந்தார். பெயர் வெளியே வராத டாக்டர்கள், வாத்தியார்கள், போதகர்கள் எண்ணிக்கை அதைவிடப் பெரிது.

கிங்கைக் காந்தி பக்கம் திருப்பியதும் மேஸ் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. சாப்பலில் காந்தியைப் பற்றி மேஸ் பேசியிருக்கிறார், உண்மைதான். ஆனால், தன்னைக் கடைக்கு ஓடிப்போய்க் காந்தி புத்தகங்களை வாங்க வைத்தது ஹோவர்ட் பல்கலைக்கழகத் தலைவர் மார்டெக்காய் ஜான்சனின் ஒரு பிரசங்கம் என்று கிங்கே எழுதியிருக்கிறார். அந்த ஜான்சன், மேஸை டீனாக வைத்திருந்தவர். இவர்கள் எல்லோருமே ஒரே வட்டம்.

அப்பா ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம்

1956 பிப்ரவரி. அலபாமாவின் மான்ட்கமரியில் பஸ் புறக்கணிப்புப் போராட்டம் மூன்றாவது மாதத்தில் இருந்தது. ஜனவரி 30 அன்று கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், உயிர் தப்பினார்கள். வெளியூரில் இருந்த கிங் மீதும் மற்ற தலைவர்கள் மீதும் வழக்குப் பதிவானது. திரும்பிப் போனால் கைது நிச்சயம்.

வழியில் அட்லாண்டாவில் அப்பா வீட்டில் இறங்கினார். அப்பா மார்ட்டின் லூதர் கிங் சீனியர், ஊரின் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். வக்கீல், பத்திரிகை ஆசிரியர், கல்லூரித் தலைவர்கள். அவர்களில் மேஸும் ஒருவர். நோக்கம் ஒன்றுதான்: பையனைத் திரும்பிப் போக விடாமல் தடுப்பது. நம் வீட்டில் என்றால் தாய்மாமா, பெரியப்பா எல்லோரையும் வரவழைத்து உட்கார வைப்போமே, அந்தக் காட்சிதான். அப்பாவுக்குப் பயம், அதில் நியாயமும் இருந்தது. வந்திருந்த பலரும் அவர் சொன்னதையே ஆமோதித்தார்கள்.

கிங், நண்பர்கள் கைதாகும்போது நான் ஒளிந்திருப்பது கோழைத்தனம், நான் போகத்தான் வேண்டும் என்றார். அறையில் மௌனம். அப்பா அழுதுவிட்டார். அந்தச் சமயத்தில் தான் டாக்டர் மேஸைப் பார்த்ததாகவும், வாய் திறந்து கேட்காமலே தன் வேண்டுகோள் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்றும், மேஸ் தனக்காக உறுதியாக வாதாட ஆரம்பித்தார் என்றும் கிங் பிற்பாடு எழுதினார். ஒவ்வொருவராக மனம் மாறினார்கள். கடைசியில் அப்பாவே மகனோடு மான்ட்கமரிக்குக் கிளம்பினார்.

அன்றைக்கு மேஸ் ‘அப்பா சொல்றத கேளு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? கிங் 27 வயது இளைஞர். ஒருவேளை கேட்டிருக்கலாம். பல வருஷம் செவ்வாய்க்கிழமைகளில், ‘பழகிவிடாதே’ என்று சொன்னவர் மேஸ். அதை நம்பி ஒருவன் எழுந்து நின்றபோது, அவனுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு ‘நான் பொதுவாகச் சொன்னேன்’ என்று நழுவ அவரால் முடியவில்லை. அவன் செத்துப்போகலாம் என்று தெரிந்தேதான் ‘போ’ என்றார்.

மான்ட்கமரி புறக்கணிப்பு 381 நாள் நடந்து வென்றது. அடுத்த கோடையில், 1957 ஜூனில், மோர்ஹவுஸ் தன் பழைய மாணவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1960-ல் இதே சோதனை இன்னும் பெரிய அளவில் வந்தது. இந்த முறை அவருடைய கல்லூரி மாணவர்களே களத்தில். அட்லாண்டாவின் கறுப்பினக் கல்லூரிகளில் படித்தவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் உட்கார்ந்து போராடத் திட்டமிட்டார்கள். மோர்ஹவுஸில் லானி கிங்கும் ஜூலியன் பாண்டும் முன்னணியில் இருந்தார்கள். கல்லூரித் தலைவர்கள் கூடிப் பேசி, முதலில் உங்கள் கோரிக்கையை எழுதி ஊருக்குச் சொல்லுங்கள் என்றார்கள். தள்ளிப்போடும் தந்திரமா, நல்ல யோசனையா என்று இன்றைக்கும் வாதாடலாம். ‘மனித உரிமைகளுக்கான வேண்டுகோள்’ என்ற அந்த அறிக்கை மார்ச் 9 அன்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. மார்ச் 15-ல் மாணவர்கள் உணவகங்களில் உட்கார்ந்தார்கள். மேஸ் அவர்களை ஆதரித்தார்.

அந்த அறிக்கையை எழுதியதில் முக்கியப் பங்கு ரோஸ்லின் போப் என்ற மாணவிக்கு. பக்கத்தில் இருந்த ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேஸ் உருவாக்க நினைத்த ‘மோர்ஹவுஸ் மனிதன்’ என்ற லட்சியத்தில் பெண்களுக்கு இடமே இல்லை. ஆண்கள் கல்லூரி என்பது ஒரு காரணம்தான். போராட்டத்தின் மேடைகளும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. மேஸின் மனைவி சேடி கிரே மேஸ், தன்னளவில் ஒரு சமூகப் பணியாளர், அட்லாண்டாவில் முதியோருக்காக உழைத்தவர். கணவரைப் பற்றிய கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். இந்தக் கட்டுரையிலும் அதுதான் நடக்கிறது.

ஒப்பந்தம் தலைகீழானது

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. ‘எனக்கொரு கனவு’ உரையை எல்லோருக்கும் தெரியும். அந்த நிகழ்ச்சியை இறுதி ஆசீர்வாத ஜெபம் சொல்லி முடித்து வைத்தவர் மேஸ். வீடியோவில் அதுவரை பார்ப்பவர்கள் குறைவு.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. யார் முதலில் போனாலும், மற்றவர் இறுதிச்சடங்கில் பேச வேண்டும். மேஸ் கிங்கைவிட 34 வயது மூத்தவர். யார் யாருக்குப் பேசப்போகிறார்கள் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருந்திருக்காது.

1967-ல் மேஸ் ஓய்வு பெற்றார். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்ஃபிஸில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39.

ஏப்ரல் 9 அன்று எபனேசர் ஆலயத்தில் ஆராதனை முடிந்து, கோவேறு கழுதைகள் பூட்டிய சாதாரண வண்டியில் கிங்கின் உடல் மோர்ஹவுஸ் வளாகத்துக்கு வந்தது. பின்னால் ஆயிரக்கணக்கான மக்கள். 73 வயது மேஸ் மைக் முன்னால் நின்றார். இறந்துபோன சொந்த மகனுக்கு இரங்கலுரை சொல்லக் கேட்பது போன்றது இது என்று ஆரம்பித்தார். அவ்வளவு நெருக்கமானவன் அவன்.

ஆனால், அழுது முடித்துவிடவில்லை. கொன்றவன் ஒருவன்தான் என்று விட்டுவிடவும் இல்லை. கிங்கையும் கறுப்பர்களையும் பலரும் வெறுத்துப் பேசியதைக் கேட்டுக் கேட்டுத்தான், தனக்கு ஆதரவு இருக்கிறது என்று கொலையாளி நினைத்திருப்பான் என்றார். நாட்டுக்கே அதில் பங்கு உண்டு என்பதுதான் பொருள். கிங் காலத்துக்கு முந்தியவர் என்று சொல்லாதீர்கள், யாரும் காலத்துக்கு முந்தியவர் இல்லை, அவரவர் காலத்தில் வந்த அழைப்புக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

கிங் மெம்ஃபிஸுக்குப் போனது எதற்காக என்பதையும் அவர் மறக்கவில்லை. அந்த ஊரில் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் பிப்ரவரியிலிருந்து வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சாவு வந்துதான் தீர வேண்டும் என்றால், குப்பை அள்ளுபவர்களுக்கு நியாயமான கூலி வாங்கித் தருவதைவிடச் சாவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை என்றார் மேஸ். படிப்புச் செலவுக்காக ராத்திரியில் கழிப்பறை கழுவிய மனிதர் சொன்ன வார்த்தை இது. மெம்ஃபிஸ் நகராட்சி ஏப்ரல் 16-ல் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு

மேஸ் வீட்டில் உட்காரவில்லை. 75 வயதில் அட்லாண்டா பள்ளிக் கல்வி வாரியத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். 1981 வரை அதில் இருந்தார். அங்கே அவர் எல்லோருக்கும் நல்லவராகவும் இருக்கவில்லை. 1973-ல், வெள்ளை, கறுப்பு மாணவர்களைப் பஸ்களில் மாற்றி அனுப்பிப் பள்ளிகளைக் கலப்பதை வற்புறுத்தாமல், அதற்குப் பதிலாக நிர்வாகப் பதவிகளில் கறுப்பர்களுக்குப் பங்கு என்ற ஓர் உடன்பாடு அட்லாண்டாவில் ஏற்பட்டது. தேசிய அளவில் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி அதைக் கடுமையாக எதிர்த்தது. அதற்குத் துணைபோனதாக அந்த அமைப்பின் அட்லாண்டா கிளைத் தலைவரைப் பதவியிலிருந்து இடைநீக்கமும் செய்தது. அந்தக் கிளைத் தலைவர் வேறு யாருமில்லை, 1960-ல் உணவகங்களில் உட்கார்ந்து போராடிய அதே லானி கிங்தான்.

பெஞ்சமின் மேஸ் 1984 மார்ச் 28 அன்று காலமானார். வயது 89. அவருக்கு இரங்கலுரை சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தவர் இறந்து அப்போது 16 வருஷம் ஆகிவிட்டது. மோர்ஹவுஸ் வளாகத்தில், கிரேவ்ஸ் ஹால் கட்டடத்தின் எதிரே மேஸின் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் சேடி. வகுப்புக்குப் போகும் பையன்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.